செத்த நம்பர்

காலை 9:40.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் கிளிப் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதில் கொத்தாக இருந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் காணவில்லை. தையல்காரி கிளிப்பைக் கழற்றி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பதினொன்று. இருபத்து நான்கு இருக்க வேண்டும்.

வாசலில் மின்சார ஆபீஸ் பரிசோதகர் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் அம்மாள். ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும். சீல் கம்பியின் முறுக்கைப் பார்த்தே மீட்டரில் கைவைத்தது யார் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

விஷயம் இதுதான். தெரு முழுக்க முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் காசு கொடுத்தால் இருபது இலக்க நம்பரை ஒரு சீட்டில் அடித்துத் தருவார்கள். அதை மீட்டரில் அழுத்தினால்தான் விளக்கு எரியும். போன மாதம் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதில் இரண்டு வருஷப் பதிவு அடியோடு போய்விட்டது. தொலைத்தது ஆபீஸ், நிரூபிக்க வேண்டியது ஜனங்கள். இன்று மாலை நாலு மணிக்குள் இரண்டு வருஷச் சீட்டுகளையும் ஒப்படைக்காத வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் திருட்டு என்று எழுதிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி எண்ணிப் பார்த்தேன் மேடம். இருபத்து நாலும் இருந்துச்சு. மாமனார்கிட்டகூடச் சொன்னேன், செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல வாங்கிக்குவாங்க, திரும்பத் தர மாட்டாங்கன்னு."

"ஆமா, ஃபைலுக்குப் போயிடும்."

"இப்ப ஃபியூஸைப் பிடுங்கினா எப்படி மேடம்? நாப்பது பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாதியில கிடக்கு. மிஷின் ஓடலைன்னா எங்க வீட்டு அடுப்பும் எரியாது." அவள் கையில் நோட்டீஸ் கசங்கி உருண்டையாகியிருந்தது. "திருடின்னு வேற எழுதுவீங்களா?"

பரிசோதகர் கையை நீட்டினார். பதினொரு சீட்டுகளையும் வாங்கிப் புரட்டினார். முன்பக்கம் நம்பர், தேதி. பின்பக்கம் வெறும் வெள்ளை. தேதிகள் எல்லாம் கடைசிப் பதினொரு மாதத்தவை.

"இதுக்கு முன்னாடி யார் நம்பர் வாங்கிட்டு வருவாங்க?"

"அவர்தான்." அவள் சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். "போய்ப் பதினோரு மாசம் ஆச்சு. ரோட்டுல வண்டி அடிச்சு."

மீட்டர் கீச்சென்று ஒலித்தது. யூனிட் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை.

"புது நம்பர் வாங்கி வச்சிருக்கேன். இன்னும் அடிக்கல. முன்னாடி அவர் வாசல்ல நின்னுக்கிட்டு நாலு நாலாப் படிப்பார், நான் அடிப்பேன். இப்ப நானே படிச்சு நானே அடிக்கிறதுல ஒரு தடவையாவது தப்பாகுது. நாலு இலக்கம் அடிச்சதும் அடுத்ததை அவர் சொல்வார்னு கை தானா நின்னுடுது மேடம்."

காலை 10:05.

வாசலை ஒட்டிய மாடிப்படியின் கீழே மாமனாரின் இஸ்திரி மேசை. கரிப் பெட்டி கனன்றுகொண்டிருந்தது. மருமகள் வீசியெறிந்த நோட்டீஸை அவர் எடுத்து வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, ஒரு இழுப்பு இழுத்து, பரிசோதகரிடம் நீட்டினார். அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் இருந்தது.

"கசங்கினது எது கண்ணுல பட்டாலும் கை சும்மா இருக்காதுங்க. பஸ் டிக்கெட்டைக்கூட விடமாட்டேன்னு மருமக கேலி பண்ணும்."

"நேத்து வீட்டுக்குள்ள யார் வந்தாங்க பெரியவரே?"

"மருமக தச்ச துணி கொடுக்கப் போயிருந்துச்சு. மாடியில வீட்டுக்காரர் ஒழுகுது ஒழுகுதுன்னு அவர் சாவியைப் போட்டுத் திறந்து பார்த்துட்டுப் போனார்."

"நீங்க?"

"நான் இங்கேயேதான்." அவர் பெட்டியை ஊதினார். சாம்பல் பறந்தது. நிமிரவில்லை.

மேசையில் துணி அடுக்கு. ஒவ்வொன்றின் காலரிலும் மசியில் ஒரு குறி, எந்த வீட்டுத் துணி என்று தெரிய. அடியில் இருந்த நீலச் சட்டையில் மட்டும் குறி இல்லை. கத்தி மாதிரி மடிப்பு. மேல்பை மட்டும் சுருங்கிக் கிடந்தது.

"இது யாரோடது?"

"வாங்க ஆள் வரலைங்க."

காலை 10:40.

வீட்டுக்காரர் பல்லில் குச்சியுடன் மாடியில் உட்கார்ந்திருந்தார்.

"சாவி இருக்கு. என் வீடு. போனேன். குழாயைப் பார்த்தேன். வந்தேன்."

"அந்தப் பொண்ணு காலி பண்ணினா உங்களுக்கு நல்லதாமே?"

"என் பையனுக்குக் கல்யாணம். கீழ்ப்பகுதி வேணும்னு நேராவே கேட்டிருக்கேன். அதுக்காகக் காகிதத்தைத் திருடுவேனா? திருடுறதுன்னா கிளிப்போட தூக்கியிருக்க மாட்டேனா? உட்கார்ந்து பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டா இருப்பேன்?"

எரிச்சலில் சொன்னதுதான். பரிசோதகர் படி இறங்கும்போது அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பகல் 11:30.

நம்பர் விற்கும் கடை, மூன்றாவது சந்து முனை. கடைக்காரர் மீது தெருவில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது, போலி நம்பர் விற்றார் என்று.

"மேடம், பழைய சீட்டை நான் எதுக்குத் திருடணும்? ஒரு நம்பர் ஒரு மீட்டருக்குத்தான். ஒரு தடவை அடிச்சா முடிஞ்சுது. செத்த நம்பர். சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டாங்க."

"பழைய சீட்டுல அச்சு நல்லா நிக்குமா?"

"எங்கே நிக்குது! ஆறு மாசத்துல வெளுத்துடும். அடுப்புப் பக்கத்துல வச்சா மொத்தமும் கறுத்துடும். மை கிடையாது மேடம் இது, சூட்டுல அடிக்கிற காகிதம். அந்தத் தையல்காரியோட புருஷன் ஒருத்தர்தான் விவரம். வாங்கின உடனே என் பேனாவைப் பிடுங்கிப் பின்பக்கம் எழுதிக்குவார். ஒரு தடவை பேனாவையும் கொண்டுபோயிட்டார்." கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "திருப்பிக் கேட்கணும்னு இருந்தேன்."

"பின்பக்கம் என்ன எழுதுவார்?"

"நம்பரைத்தான். அப்புறம் கடையில என்னென்ன வாங்கணுமோ, அதுவும்."

மாலை 3:40.

பரிசோதகர் திரும்பி வந்தபோது மீட்டர் நிமிஷத்துக்கொருமுறை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. தையல்காரி வீட்டையே கொட்டிக் கவிழ்த்துத் தேடி முடித்து, மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமனாரை உள்ளே கூப்பிட்டார் பரிசோதகர்.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. சொல்லிடறேன். வீட்டுக்காரருக்கு இவங்களைக் கிளப்பணும்னா மொத்தக் கிளிப்பையும் எடுத்திருப்பார். கடைக்காரருக்குப் பயம் இருந்தாலும் அப்படித்தான். எடுத்தவர் நிதானமா உட்கார்ந்து பதிமூணை மட்டும் பிரிச்சிருக்கார். பதினொண்ணை அப்படியே விட்டிருக்கார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"தேதி" என்றாள் தையல்காரி.

"தேதியை நான் காலையிலேயே பார்த்தேன். பின்பக்கத்தைப் பார்த்தும் விட்டுட்டேன். உங்க சீட்டுல பின்பக்கம் வெள்ளை. அவர் வாங்கின சீட்டுல பேனா எழுத்து. திருடு போனது நம்பர் இல்லம்மா, கையெழுத்து."

தையல்காரி நிமிர்ந்து சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள்.

"ஆபீஸுக்குப் போனா திரும்பி வராதுன்னு நீங்க ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னீங்க." பரிசோதகரின் குரல் தணிந்தது. "பெரியவரே, உங்க கையில இஸ்திரியாகி ஒரு பை மட்டும் சுருக்கத்தோட கிடக்குமா? அந்த நீலச் சட்டைப் பை மேல மட்டும் நீங்க பெட்டியை வைக்கல. உள்ளே என்ன இருக்கு?"

கிழவர் போனார். சட்டையோடு வந்தார். பையிலிருந்து பதின்மூன்று சீட்டுகளை எடுத்து மருமகளின் மிஷின் மீது வைத்தார்.

முன்பக்கம் எல்லாம் கரிக்கட்டை நிறம். ஒரு இலக்கம்கூடத் தெரியவில்லை.

"நான் கெடுத்துட்டேன்மா." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுத்து மேல வர்ற மாதிரி வரிசையா அடுக்கினேன். கசங்கியிருந்துச்சு. துணியைப் போட்டு ஒரே இழுப்பு. திருப்பிப் பார்த்தா எல்லாம் கறுப்பு. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல. ஆபீஸ் கொண்டுபோயிட்டா அவன் கை பட்டது எனக்குன்னு எதுவும் இல்லையேம்மா. அவன் சட்டையையே எத்தனை தரம்தான் தேய்ப்பேன்?"

தையல்காரி எழுந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் பரிசோதகர் நினைத்தார்.

"எனக்கு மட்டும் இருக்கா மாமா?" அவள் கத்தவே செய்தாள். "பதினோரு மாசமா இந்தச் சீட்டைத் திருப்பிப் பார்க்கப் பயந்துக்கிட்டு ஆணியிலேயே விட்டு வச்சிருக்கேன். ஆபீஸ்காரங்க கொண்டுபோனா நல்லது, இனிமே பார்க்க வேண்டியதில்லைன்னு நினைச்சேன். நீங்க எடுத்துட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா..." முடிக்காமல் அழுதாள். பதினொரு மாதத்தில் இருவரும் ஒருவர் எதிரில் ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.

பரிசோதகர் மெல்லக் கனைத்தார். "அழுகை அப்புறம். மணி மூணு அம்பது. கறுத்தது முன்பக்கம்தானே? நம்பர் பின்பக்கமும் இருக்கு. படிங்க." பையிலிருந்து கைமிஷினை எடுத்தார். "ஒரு நம்பர் எந்த மீட்டருக்குப் பிறந்ததுன்னு இது சொல்லிடும். செத்த நம்பரா இருந்தாலும் சரி."

தையல்காரி வாசலில் நின்றாள். முன்பு கணவன் நின்ற இடம். நாலு நாலாகப் படித்தாள். பரிசோதகர் அடித்தார். இந்த வீட்டு மீட்டர் என்றது மிஷின். இரண்டாவது. மூன்றாவது. பதின்மூன்றும் இந்த வீட்டு மீட்டர்தான். மணி 3:58.

பரிசோதகர் பதினொரு சீட்டுகளை மட்டும் ஃபைலில் வைத்து, மற்றவற்றைத் தள்ளினார். "நம்பர் ஏறிடுச்சு, அது போதும். கருகின சீட்டை எங்க ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. விதி. நீங்களே வச்சுக்கணும்." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது.

"கடைசிச் சீட்டுல நம்பருக்குக் கீழே என்னம்மா?" என்றார் கிழவர். "எனக்கு எண் தெரியும். எழுத்து தெரியாது."

அவள் பார்த்தாள். "பல்பு ஒண்ணு. கறுப்பு நூல் ரெண்டு. அப்பாவுக்குச் செருப்பு, எட்டாம் நம்பர்."

கிழவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "வாங்கிட்டுத்தான் வந்தான். கடிக்குதுன்னு திட்டினேன். மாத்திட்டு வரேன்னுதான் அன்னிக்குப் போனான்."

பரிசோதகர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார். அவருக்குப் பின்னால் மீட்டர் நீளமாகக் கீச்சிட்டு அடங்கியது. விளக்கு அணைந்தது. யூனிட் தீர்ந்துவிட்டது.

மங்கலில் தையல்காரி மீட்டர் முன்னால் போய் நின்றாள். புதுச் சீட்டை எடுத்தாள். ஒரு கணம் யோசித்து அதை மாமனாரிடம் நீட்டினாள்.

"எண் தெரியும்னீங்களே. படிங்க மாமா."

கிழவர் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏழு, பூஜ்யம், ரெண்டு, ஆறு."

அவள் அடித்தாள். கை பழக்கப்படி நின்றது.

"ம்?" என்றாள்.

"மூணு, மூணு, எட்டு, ஒண்ணு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.