சாக்பீஸ் கோடு

"ஐயோ...!"

மதியச் சாப்பாட்டு மணி அடித்த பத்தாவது நிமிடம் ஆசிரியர்கள் அறையிலிருந்து அலறல் கிளம்பியது.

வேதியியல் வாத்தியார் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார்.

வாயோரம் நுரை. கையில் ஃபிளாஸ்க் மூடி. அதில் பாதி டீ!

வந்ததும் வராததுமாக இன்ஸ்பெக்டர் உறுமினார்.

"இந்த ஃபிளாஸ்க்கை இங்க வெச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் இயற்பியல் ஆசிரியை.

இறந்தவரின் மச்சான், அதே பள்ளியின் விளையாட்டு வாத்தியார், பாய்ந்து வந்தார்.

"கேட்டீங்களா சார்! மாமாவைக் கொன்னு என் அக்காவை நடுத்தெருவுல நிறுத்திட்டா, பாவி! காலையில 'செத்துத் தொலைங்க'ன்னு கத்தினா. ஸ்கூலே கேட்டுச்சு!"

"கத்தினேன். அவர் என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை."

"திமிரைப் பார்த்தீங்களா சார்!"

"நீங்க விசில் ஊதுற வாயைக் கொஞ்சம் மூடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "மேடம், லேபுக்கு நடங்க."

ஆய்வகம். மச்சானும் பின்னாலேயே ஓடி வந்தார்.

நீண்ட மேஜை. நட்டநடுவில் சாக்பீஸ் கோடு. ஜன்னல் பக்கம் வேதியியல், கதவுப் பக்கம் இயற்பியல். ஜன்னல் அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலி. பாட்டில், பியூரெட், இரும்பு ஸ்டாண்ட்... எல்லாம் கதவுப் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

"என்ன கூத்து இது?"

"நேத்து ஹெட்மாஸ்டர் லேப் சாவியை அவர்கிட்ட இருந்து பிடுங்கி என்கிட்ட குடுத்தார். ஒழுங்குபடுத்தச் சொன்னார். ஆசிட் பாட்டிலுக்குப் பக்கத்துல டீ ஃபிளாஸ்க் வெச்சிருந்தார் சார், அறிவுகெட்ட மனுஷன்! இன்னிக்குக் காலையில அலமாரியைக் காலி பண்ணி, ஃபிளாஸ்க்கோட எல்லாத்தையும் என் பக்கம் இறக்கினேன். மணி அடிச்சதும் ஃபிளாஸ்க்கை அவர் மேஜையில வெச்சேன்."

"நடுவுல?"

"எனக்கு கிளாஸ். லேப் திறந்துதான் கிடந்துச்சு."

"விஷத்தைக் கலந்துட்டு கிளாஸுக்குப் போனீங்க."

"கலந்திருந்தா நானே தூக்கிட்டுப் போய் வைப்பேனா? நான் படிச்சது இயற்பியல் சார், முட்டாள்தனம் இல்ல!"

"ஏட்டு, விலங்கை எடு."

அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கொலைப்பழி! முதலில் வேலை போகும். பிறகு அவளே போவாள்... உள்ளே!

குவியலில் மண்டை ஓடு போட்ட பாட்டில் ஒன்று. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினார். முதுகுப் பக்கம் கரைசல் வழிந்து காய்ந்த தடம். லேபிளோ பளிச்!

சட்டென்று இன்னொரு பாட்டிலைக் காட்டினார்.

"அதுல தண்ணிதானே? இந்தக் கண்ணாடி டம்ளர்ல ஊத்துங்க."

"கிண்டலா சார்?"

"ஊத்துங்கன்னா ஊத்துங்க!"

வெடுக்கென்று எடுத்துச் சரித்தாள். தண்ணீர் லேபிள் மேலேயே வழிந்தது. எழுத்து கரைந்து இளித்தது.

இன்ஸ்பெக்டர் முதல் முறையாகச் சிரித்தார்.

"நானும் கெமிஸ்ட்ரி லேப்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவன்தான். வேதியியல்காரன் லேபிளை உள்ளங்கையில வெச்சுத்தான் ஊத்துவான். வழியறது மறுபக்கம் வழியும், எழுத்து அழியாது. கொலை பண்ணும்போதும் கை அந்தப் பழக்கத்தை விடாது. இங்க வேதியியல் வாத்தியார் எத்தனை பேர்?"

"அவர்... ஒருத்தர்தான்."

"அப்ப மாமா தற்கொலையா?!" என்று அலறினார் மச்சான்.

"சாகப்போறவன் கைரேகையை மறைப்பானாய்யா? ஏட்டு, அதைக் காட்டு."

ஏட்டு ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரப்பர் கையுறை. செத்தவரின் பேன்ட் பையில் இருந்தது!

"மேடம், உங்க ஃபிளாஸ்க் எப்படி இருக்கும்?"

"அச்சு அசல் அதே மாதிரிதான். ஆண்டுவிழாவுல எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாங்க. எப்பவும் இங்க, கோட்டுக்கு என் பக்கம்தான் வைப்பேன். இன்னிக்கு வேலை மும்முரத்துல பையை விட்டே எடுக்கல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் உறைந்தாள்.

"சாவி போன வெறி!" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க கிளாஸ்ல இருந்தப்ப வந்திருக்கார். கோட்டுக்கு உங்க பக்கம் ஒரு ஃபிளாஸ்க். உங்களோடதுன்னு நினைச்சு விஷத்தை ஊத்திட்டார். மத்தியானம் தன் மேஜையில தன் ஃபிளாஸ்க் இருந்துச்சு. நிம்மதியா குடிச்சார்!"

மச்சான் பொத்தென்று ஸ்டூலில் விழுந்தார். "அடப்பாவி மாமா..."

"மாமாவை நான் கொன்னேன்னு சொன்னீங்களே, இப்ப சொல்லுங்க!" என்று சீறினாள் அவள்.

அவர் கழுத்து விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏட்டு பேனாவால் தலையைச் சொறிந்தார். "சார், செத்தவர் பேர் எழுதியாச்சு. விஷம் வெச்சவன் பேர்?"

"மேல எழுதினதைப் பார்த்து காப்பி அடிய்யா. பள்ளிக்கூடத்துலதானே இருக்கோம்!"