மேக்னி சித்தப்பாவின் படகில் எண்ணக் கூடாது

காலை ஆறு பத்துக்குக் கடல் ஏறத் தொடங்கும். ஆறு மணிக்கே ஓஸ்லா படகில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, காதில் பென்சில்.

மேக்னி சித்தப்பா வந்தார். பென்சிலைப் பார்த்தார். தூக்கிய துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எதுக்கு?"

"தும்மிகளை எண்ணறதுக்கு, சித்தப்பா."

கடற்பன்றிகளுக்கு ஷெட்லாந்து தீவுகளில் அதுதான் பெயர். டால்பினைவிடச் சிறியவை. நீருக்கு மேலே வரும், தும்முவதுபோல் 'புஃச்' என்று ஒரு மூச்சு விடும், மறைந்துவிடும்.

"என் படகுல எண்ணக் கூடாது. மீனை எண்ணினா மீன் குறையும். ஆட்டை எண்ணினா ஆடு குறையும்."

"அப்போ உங்களுக்கு எத்தனை ஆடு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"போதுமான ஆடு இருக்கு."

ஓஸ்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் ஒவ்வொரு விரிகுடாவிலும் எத்தனை தும்மிகள் என்று ஓர் எண். அவர்களுடைய ஹெல்லாவோ விரிகுடாவில் மட்டும் வெறும் நீலம். எண் இல்லாத இடம் வழியாக விரைவுப் படகு விடப் போகிறார்களாம். இன்று சாயங்காலத்துக்குள் பள்ளிக்கு எண் போய்ச் சேர வேண்டும்.

"சும்மா பார்க்கலாமா?"

"பார்க்க வேண்டாம்னு யாரு சொன்னா?"

அவள் இறங்கினாள். நோட்டையும் பென்சிலையும் கரையில் வைத்தாள். குனிந்து, மழைக்கோட்டுப் பை நிறையக் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டாள். காலி வாளியைப் படகின் நடுவில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"கல்லு. நான் ஒண்ணும் எண்ணலையே."

 சித்தப்பா ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு துடுப்பை எடுத்தார். அவளுக்குத் தரவில்லை. அவரிடம் ஓர் ஆட்டைக்கூடக் கேட்டு வாங்கிவிடலாம்; பெப்பர்மின்ட் வாங்க முடியாது.

விரிகுடாவின் வாயில் படகை நிறுத்தினார். காற்று இல்லை. கடல் பால்போல் கிடந்தது. எது மூடுபனி, எது நீர் என்று தெரியவில்லை. படகு வானத்தில் நிற்பதுபோல் இருந்தது.

புஃச்.

கறுப்பு முதுகு ஒன்று மெல்ல உருண்டு மறைந்தது. ஏறும் கடலோடு அவை உள்ளே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, படகைத் தாண்டி, அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் ஓஸ்லா ஒரு கல்லை வாளியில் போட்டாள். ஒரு தாயை ஒட்டிக்கொண்டு குட்டி ஒன்று போனது. அதற்கு இருப்பதிலேயே சின்னக் கல்லாகத் தேடிப் போட்டாள்.

அவளுக்குப் பின்னாலும் 'புஃச்' கேட்டது. திரும்பினாள். நீரில் வளையங்கள் மட்டும்.

ஒருத்தி எப்படி இரண்டு பக்கமும் பார்க்க முடியும்? சித்தப்பா அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாம். கேட்டால் அவரையும் எண்ண வைத்ததாக ஆகிவிடும். பார்க்காததற்குக் கல் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை. தன் பக்கத்தையே பார்த்தாள்.

வாளிக்குள் ஏதோ சொட்டியதுபோல் இருந்தது. துடுப்பிலிருந்து நீர் என்று நினைத்துக்கொண்டாள்.

மூடுபனி விலகியது. மூச்சுச் சத்தங்கள் தூரத்தில் தேய்ந்தன. படகு கரைக்குத் திரும்பியது.

"தரையில எண்ணலாம்ல, சித்தப்பா?"

"தரை என்னுது இல்ல."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைக் கட்டினார். ஓஸ்லா வாளியைப் புல்லில் கவிழ்த்தாள். பதினோரு கூழாங்கற்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளையாக, உருண்டையாக இரண்டு. கூடவே, கடித்து உடைத்த ஒரு பாதி. முகர்ந்து பார்த்தாள். பெப்பர்மின்ட்.

சித்தப்பா அந்தக் கயிற்றை இன்னும் கட்டிக்கொண்டே இருந்தார்.

"சித்தப்பா, இந்தப் பாதி... குட்டிதானே?"