கீழ்வரிசை மணி

படகுத்துறையின் மூச்சு விளக்கு அன்றும் பச்சையாகவே எரிந்தது. டெல்மா அதைப் பார்த்தும் பார்க்காமலும் படகில் ஏறி, தாது சுரண்டும் ரோபோவைக் கடலுக்குள் இறக்கினாள். கண்முன் திரையில் சிப்பிக்குடாவின் சரிவு விரிந்தது. மேலே மங்கலான பச்சை நீர், நடுவே கறுப்பு வளையம், அதற்குக் கீழே ஒன்றுமில்லாத இருட்டு.

உலகத்துக் கடல்கள் பலவும் அடிமூச்சை இழந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. சிப்பிக்குடாவில் மேலே இருபது பாகம், அதாவது இருபது ஆள் ஆழம் வரைக்கும்தான் நீரில் ஆக்சிஜன் உண்டு. அதற்குக் கீழே மீன் கிடையாது, புழு கிடையாது. ஆனால் மாங்கனீசு உண்டு. மூச்சற்ற நீரில் அது பாயசத்துச் சர்க்கரை போலக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். மூச்சுள்ள நீரைத் தொட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துப் படியும். இரண்டு நீரும் சந்திக்கும் மட்டத்தை ஊரார் மூச்சுக்கோடு என்றார்கள். அதற்குச் சற்று மேலே, தொட்டியில் படியும் கறைபோலக் குடாவைச் சுற்றி ஓடியது கறுப்பு வளையம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், இப்படி மூச்சடைத்த கடல்களின் ஓரங்களில் படிந்த தாதுவைத்தான் மனிதர்கள் சுரங்கம் சுரங்கமாக வெட்டித் தீர்த்திருந்தார்கள். இப்போது பேட்டரிகளுக்கு வேண்டிய மாங்கனீசைக் கடல் மறுபடி செய்துகொடுத்தது. கூட்டுறவுச் சங்கம் தூவிய பாக்டீரியாக்கள் அந்த வேலையை முடுக்கிவிட்டன.

அந்த ஆண்டு விளைச்சல் அமோகம். சரிவின் மேற்பகுதியில், முன்பு வெறும் மணலாக இருந்த இடத்தில்கூடக் கறுப்பு அப்பிக்கொண்டிருந்தது. கடல் நம்மைத் தேடி ஏறி வருகிறது என்று ஊரே பெருமைப்பட்டது. வளையத்தின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததை டெல்மாவும் கவனித்திருந்தாள். நாம் சுரண்டியதுதானே என்று விட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் மணி எடுப்பது அந்த ஊர் வழக்கம். பிள்ளை பிறந்ததும் ஒரு சங்குத் துண்டைக் கம்பிக்கூட்டில் வைத்துக் கடலில் தொங்கவிடுவார்கள். ஆண் பிள்ளைக்கு மேல்வரிசை. மூச்சுக்கோட்டை ஒட்டிய கீழ்வரிசையில் மணி பருத்து வளரும் என்பதால் அது பெண் பிள்ளைக்கு. வருடா வருடம் கறுப்பு ஏடு ஏடாகப் படிந்து, கல்யாண வயதில் அது சுண்டைக்காய் அளவு மணியாகிவிடும். இரண்டு பேருடைய மணியையும் சேர்த்துத் தாலியில் கோப்பார்கள்.

டெல்மாவுக்கும் ஜெனிஸ்டனுக்கும் மணி எடுக்க இரு வீட்டாரும் ஒரே படகில் போனார்கள். மாப்பிள்ளையின் கூடு முதலில் வந்தது. மணி சிறியது; ஆனால் கரேலென்று மின்னியது. ஜெனிஸ்டனின் அம்மா ரோணிக்கம் அதை முத்தமிட்டு மடியில் முடிந்துகொண்டாள்.

அடுத்து டெல்மாவின் கூடு. இருபது பாகம் கயிறும் ஏறி முடிந்தபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கூட்டுக்குள் வெள்ளைச் சங்குத் துண்டு மட்டும் கிடந்தது, அன்றைக்குத்தான் வைத்ததுபோல.

ஜெனிஸ்டனின் சித்தப்பா லொயோலாதான் முதலில் வாயைத் திறந்தார். நீரில் ஆக்சிஜன் குறைந்தால் சிவக்கும் மூச்சு விளக்கும், மேல்வரிசை மட்டத்தில் தொங்கும் அதன் உணரியும் அவர் பொறுப்பில் இருந்தன.

"ஊரு சரிவையெல்லாம் சுரண்டுனவ, சொந்த மணிய மட்டும் விட்டுவைப்பாளா?"

அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிடக் கேவலமாகச் சொல்ல முடியாது. டெல்மாவின் அப்பா எழுந்தார், படகு ஆடியது. கல்யாணத்தைத் தள்ளி வைப்பது பற்றி ரோணிக்கம் மெல்லப் பேச்செடுத்தாள். டெல்மா சங்குத் துண்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சுரண்டுனா கீறல் விழும் மாமி. தடவிப் பாருங்க, வழுவழுன்னு இருக்கு. இது கரைஞ்சிருக்கு."

"கல்லு எங்கயாச்சும் கரையுமாட்டி?" என்றாள் ரோணிக்கம்.

"மூச்சில்லாத தண்ணியில கரையும். அங்க கரைஞ்சு கெடந்ததுதான மேல வந்து கல்லாச்சு. அந்தத் தண்ணி ஏறி வந்து மூடுனா மறுபடி கரைஞ்சிரும்."

"வெளக்கு பச்சையாத்தான எரியுது?" என்றார் லொயோலா.

இன்னொரு கீழ்வரிசை மணியை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள் டெல்மா. கல்யாணத்துக்கு முன் ஒரு பிள்ளையின் மணியைத் தூக்குவது அதன் ஆயுளையே தூக்குவதுபோல. யார் தருவார்கள்? ரோணிக்கத்தின் கடைக்குட்டி ஷைனிக்கு ஒன்பது வயது. அவளுடைய கூடும் அதே கீழ்வரிசையில் தொங்கியது. ரோணிக்கம் ஜெனிஸ்டன் பக்கம் திரும்பினாள்.

"ஷைனியோட கூட்ட எடுல."

"மைனி, வேண்டாம். அபசகுனம்" என்றார் லொயோலா.

"இவ மணி மட்டும் வெள்ளைன்னா இவ குத்தம். என் பிள்ள மணியும் வெள்ளைன்னா யாரு குத்தம்? எடுல."

ஜெனிஸ்டன் கயிற்றை இழுத்தான். முதலில் நாற்றம் வந்தது, பிறகு கூடு. உள்ளே இருந்த துண்டும் வெள்ளை. ரோணிக்கம் அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு, அந்தக் கையைத் திறக்காமலே, டெல்மாவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

லொயோலா உணரியை மேலே இழுத்தார். அதன் முகம் முழுக்கக் கறுப்பு ஓடு. ஊருக்குச் சோறு போட்ட தாதுவே அதன் கண்ணை மூடியிருந்தது. போன வருடத்து மூச்சை உள்ளே அடைத்துக்கொண்டு அது இத்தனை நாளும் பச்சை காட்டியிருக்கிறது. லொயோலா கத்தியால் ஓட்டைப் பெயர்த்துவிட்டு உணரியை மறுபடி இறக்கினார். எல்லோரும் கரையைப் பார்த்தார்கள். படகுத்துறையில் விளக்கு சிவந்தது.

"கச்சான் எப்ப திரும்பும்?" என்று கேட்டாள் ரோணிக்கம்.

"அடுத்த மாசம் மாமி."

கச்சான் மேற்கிலிருந்து வீசும் காற்று. அது மேல்நீரை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப அடிநீர் கரைக்கு ஏறிவரும். மூச்சுக்கோடு ஆழத்தில் இருந்தவரை அதனால் கெடுதல் இல்லை. இப்போது அந்த நாற்றமே கரையேறும். அதைச் சுவாசித்தவர் எழுந்திருக்க மாட்டார்.

சங்கத்தில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. இப்படி ஒரு விளைச்சலை விட்டுவிட்டா போவது என்றார்கள். லொயோலா உணரியிலிருந்து பெயர்த்த கறுப்பு ஓட்டுத் துண்டை மேசையில் வைத்தார். தான் படகில் பேசிய பேச்சையும் மறைக்காமல் சொன்னார். அதன்பிறகு வாக்குவாதம் அடங்கியது.

ஊர் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. செம்மண்ணில் போட்ட கொட்டகையில் கல்யாணம் நடந்தது. தாலியில் ஒரு மணி கறுப்பு, ஒரு மணி வெள்ளை. ரோணிக்கமே அதைக் கோத்துக் கொடுத்தாள். கச்சான் திரும்பியபோது சிப்பிக்குடாவில் விட்டுவந்த கோழிகள் செத்தன. மனிதர் ஒருவரும் சாகவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து டெல்மாவுக்குப் பெண் பிறந்தது. காற்றில்லாத ஒரு காலையில் அவளும் ஜெனிஸ்டனும் முகமூடி மாட்டிக்கொண்டு பழைய படகுத்துறைக்கு வந்தார்கள். துறையின் தூண்கள் நீர்மட்டம் வரை கறுத்துப் பருத்திருந்தன. அப்படி ஒரு தாது அந்தக் குடாவில் விளைந்ததே இல்லை. சுரண்டத்தான் ஆள் இல்லை.

ஜெனிஸ்டன் தோளிலிருந்து இருபது பாகம் கயிற்றை இறக்கினான். டெல்மா கூட்டில் புதுச் சங்குத் துண்டை வைத்தாள். பக்கத்தில், ரோணிக்கம் கொடுத்தனுப்பிய ஷைனியின் வெள்ளைத் துண்டையும் வைத்தாள். பலகையில் குப்புறப் படுத்து, கூட்டை நீருக்குள் விட்டு, எட்டிப் பார்த்தாள். கூட்டுக்குச் சற்றுக் கீழேயே தூணின் கறுப்பு முடிந்து, மூச்சற்ற நீரில் வெறும் மரம் தெரிந்தது.

"போதும்" என்றாள்.

கயிறு ஒரு முழம்தான் இறங்கியிருந்தது. ஜெனிஸ்டன் மிச்சத்தைச் சுருட்டத் தொடங்கினான்.