எடைமேடையில் ஐம்பது கிலோ

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. காலை முதல் மூடுபனி. வெப்பம் ஒன்பது பாகை. ஓயாமல் காற்று வீசும் எங்கள் கடலோரக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் அரிதாக நிகழ்வதுபோல், அன்று காற்று முற்றிலும் நின்றிருந்தது.

நானும் என் கணவர் ஹென்னிங்கும் எங்கள் முதல் வீட்டு வண்டியைத் தேடி அலைந்ததில், அன்று பார்க்கச் சென்றது ஏழாவது. படுக்கையும் அடுப்பும் கழிவறையும் அதனுள் அடங்கியிருந்தன. நவம்பர் முதல் நாள் எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் வாடகைக்குக் குடியேறும். நாங்களோ மொராக்கோ சென்று குளிர்காலம் முழுவதையும் வெயிலில் கழிப்போம் என்று முடிவாகியிருந்தது. அது ஆசைக்கான பயணம் மட்டுமன்று. கோடையில் ஹென்னிங்கின் இதயம் ஒருமுறை நின்று மீண்டது. அவருக்குக் குளிர் ஆகாது என்றும், பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் சுமக்கக்கூடாது என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

ஆதலால் ஓட்டும் பொறுப்பு என்னுடையதாயிற்று. என் உரிமமோ மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட இடந்தராது. எங்கள் உடல்கள் உட்பட ஏற்றவேண்டியவற்றை நான் பட்டியலிட்டிருந்தேன்: ஐந்நூற்று எண்பது கிலோ. அந்த வண்டியின் வெற்று எடை, ஆவணப்படி, 2,910. பத்துக் கிலோ மிஞ்சும்.

விற்பவர் ஒன்னோ டியார்க்ஸ், மனைவியை இழந்தவர். எங்களை வண்டிக்குள்ளேயே அமரவைத்துத் தேநீர் ஊற்றினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, போதும் என்பவர் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்தவேண்டும். அதுவரை ஊற்றுபவர் ஓயமாட்டார். மேசையில் நான்கு கோப்பைகள் இருந்தன.

"இன்னும் யாராவது வர்றாங்களா?" என்று ஹென்னிங் கேட்டார்.

"இல்ல. கை தானா எடுத்து வச்சிருச்சு. ஆல்முட் போய் ஆறு வருஷமாச்சு." ஒன்னோ முன்னிருக்கையைப் பார்த்தார். "தெற்கே கிளம்புற அன்னைக்கு வாசல்லயே போயிட்டா. பெல்ட்டெல்லாம் போட்டுட்டு உட்கார்ந்திருந்தா. நான் வீட்டைப் பூட்டிட்டு வர்றதுக்குள்ள..."

எங்கள் கோப்பைகளில் கரண்டிகள் நின்றன. நான்காவதில் மட்டும் அவர் மூன்று முறை ஊற்றினார். யாரும் குடிக்காத அக்கோப்பை மூன்று முறையும் வழியவில்லை என்பது பின்னரே எனக்கு உறைத்தது.

"எடை போட்டுப் பாத்திடலாமா?" என்றேன்.

"அதான் காகிதத்துல இருக்கே." அவர் குரல் தடித்தது.

"இவ காகிதத்தை எல்லாம் நம்பமாட்டா. எங்க கல்யாணச் சான்றிதழையே ரெண்டு தடவை சரிபார்த்தவ" என்று ஹென்னிங் சிரித்தார்.

ஒன்னோ அரைமனதாய் எங்களையும் ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினார். உழவர் கூட்டுறவு முற்றத்தின் நுழைவாயிலிலேயே எடைமேடை இருந்தது. உள்ளே வருபவரும் வெளியேறுபவரும் அதைக் கடந்தே ஆகவேண்டும். மூடுபனியில் உருளைக்கிழங்குக் குவியல்கள் கரிய முதுகுகளாய்த் தெரிந்தன. எடை பார்க்கும் கெஸீனே ஒலிபெருக்கியில் அதட்டினார்.

"எல்லாரும் இறங்குங்க! வண்டிக்குத்தான் எடை, உங்க தொப்பைக்கு இல்ல."

இறங்கினோம். திரையில் 2,960 என்று ஒளிர்ந்தது.

"இன்னும் ஒரு ஆள் உள்ள இருக்காங்க."

"யாரும் இல்லையே" என்றேன்.

"என் மேடை பொய் சொல்லாது. போன மாசம்தான் முத்திரை போட்டாங்க. இன்னைக்குக் காத்து கூட இல்ல."

நான் ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி வறண்டிருந்தது. எரிவாயு உருளை இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. அலமாரிகள் யாவும் காலி. முன்பகுதியில் மட்டும் நனைந்த கம்பளியின் வாடை அடர்ந்திருந்தது.

ஓட்டுநருக்கு வலப்பக்கத்து இருக்கை அமுங்கியிருந்தது.

நான் பின்வாங்கி இறங்கினேன். ஒன்னோ என்னைக் கடந்து சென்று அப்பக்கத்துக் கதவைத் திறந்தார். உறங்குபவரை எழுப்பும் குரலில் கிசுகிசுத்தார்.

"ஆல்முட், இறங்கும்மா. இவங்க போகணும்."

வண்டியின் அடியில் சுருள்வில்லொன்று கிரீச்சிட்டது. இருக்கையின் பஞ்சு மெல்ல மெல்ல மேலெழுந்தது.

2,910.

"இப்ப யாரு இறங்குனது?" என்றது ஒலிபெருக்கி.

ஒன்னோ கதவை மெல்லச் சாத்தினார்.

"ஆறு வருஷமா சொல்லிப் பாக்குறேன். ஒரு நாளும் கேட்டதில்ல" என்றார் ஒன்னோ. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இன்னைக்கு ஏன் கேட்டான்னு தெரியல."

நான் ஹென்னிங்கின் கையைப் பற்றினேன். "வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"எந்த வீட்டுக்கு, வீப்கே? ரெண்டு வாரத்துல அது நம்ம வீடு இல்ல." அவர் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். "இங்க இன்னொரு குளிர்காலத்தை நான் தாங்கமாட்டேன். உனக்கே தெரியும். அதான் இறங்கிட்டாங்களே."

நான் சம்மதமாய்த் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றளவும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

வண்டியை முற்றத்துக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு, எடைச்சீட்டு வாங்க ஒன்னோவுடன் கெஸீனேயின் அறையை அடைந்தேன். ஹென்னிங்கோ, சிறுவனைப்போல் வெற்று மேடையின் நடுவில் போய் நின்றார்.

"கெஸீனே, என்னையும் போடுங்க! எண்பதுக்கு மேல காட்டினா இன்னைக்கு எனக்குப் பட்டாணி சூப் கிடையாது."

திரை சற்று நேரம் தடுமாறியது.

130.

"ஒன்னோ, மேடையை விட்டுத் தள்ளி நில்லு" என்றார் கெஸீனே, தலையை நிமிர்த்தாமல்.

ஒன்னோ என் அருகில் நின்றிருந்தார்.

மூடுபனிக்குள் ஹென்னிங்கின் சிரிப்பு அடங்கியது. அவருடைய இடத்தோள் தாழ்ந்தது. பிறகு முழங்கால்கள் மடங்கின.

"வீப்கே... தோள்ல யாரோ சாஞ்சிருக்காங்க."

நான் ஓடினேன். என்னை எட்டியது நனைந்த கம்பளியின் வாடை மட்டுமே.

மருத்துவர் விரைந்து வந்தார், நெடுநேரம் போராடினார், இறுதியில் கையுறைகளைக் கழற்றினார். அவ்விதயம் இம்முறை மீளவில்லை. ஹென்னிங்கை அறைக்குள் கிடத்தினார்கள். நான் அவருடைய கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன்.

ஒன்னோ வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எனினும், என்னிடம் ஒரு சொல் கூறாமல் போக மனமின்றி, மேடையின் மீதே அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வாசலில் தொப்பியைக் கையில் ஏந்தி நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே கெஸீனேயின் இயந்திரம் கடகடத்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

கெஸீனே சீட்டைக் கிழித்தார், படித்தார், என்னிடம் நீட்டினார். ஆளில்லாத வண்டியின் எடை மூவாயிரத்து நாற்பது கிலோ. ஆவணத்தில் உள்ளதைவிட நூற்று முப்பது கிலோ கூடுதல். அதன் கீழே நேரம் அச்சாகியிருந்தது: பிற்பகல் 3 மணி 52 நிமிடம்.