ஈசானிய மூலைப் படிவு

தேநீர் ஆறும் நேரத்தில் டெல்மா தன் இடது குதிகாலுக்குச் சார்ஜ் போட்டாள். நிலவின் நிலாப்பாக்கம் குடியிருப்பில் கனிமம் தேடுகிற ஒவ்வொருவரும் காலையில் பல் விளக்குவதுபோல இதையும் செய்தாக வேண்டும். குதிகாலுக்குள் பதித்த அந்தச் சில்லுக்குக் குதிச்செவி என்று பெயர். காலணியின் அடிக்கருவிகள் தரையின் காந்தத்தையும் அடர்த்தியையும் மின்கடத்தலையும் அளந்து அனுப்பும். குதிச்செவி அதைத் தோலுக்குச் சொல்லும். இரும்பென்றால் சுருக்கென்று குத்தும். டைட்டானியம் கலந்த இல்மனைட் என்றால் கூசும். டெல்மாவின் குதிகாலைப்போல் நுணுக்கமான குதிகால் அந்த ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பு அவளே சொல்லிவிடுவாள்.

ஆனால் கூச்சம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. டைட்டானியத்துக்காகவே உண்டாக்கப்பட்ட ஊர் அது. மேல் தூசியில் கொஞ்சம் மினுக்கிவிட்டு, அடியில் நிலம் கையை விரித்துவிட்டது. காற்றடைப்புக் கதவுகளின் டைட்டானியச் சட்டங்கள் தேய்ந்துகொண்டிருந்தன; மாற்ற உலோகம் இல்லை. சூரியன் மறைவதற்குள் படிவு எதுவும் கிடைக்காவிட்டால் தேடும் பிரிவை மூடிவிட்டு எல்லாரையும் பூமிக்கு அனுப்பிவிடுவதாக ஆணையர் செம்பியன் அறிவித்திருந்தார். சூரியன் மறைய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ஒன்றும் கண்டுபிடிக்காதவள் என்ற பெயரோடு ஊர் திரும்புவதை நினைத்தாலே டெல்மாவுக்குப் பயமாக இருந்தது.

"இனி அளக்க இடம் ஏதாவது பாக்கி உண்டுமா?" என்று துருவனைக் கேட்டாள். துருவன் அவளுடைய ஆய்வு எந்திரம். தரைக்குள் நியூட்ரான்களை எய்து, திரும்பி வரும் கதிர்களைப் பார்த்து, எந்தத் தனிமம் எத்தனை பங்கு என்று சொல்லும்.

"ஈசானிய மூலை மட்டும் பாக்கி, மேடம். ஆனால் அங்கே காலணியோடு நடக்கக் கூடாது."

நிலாப்பாக்கத்தின் வடகிழக்கு மூலை வாஸ்துப்படி விழாக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். காலணியோடு போனால் ஆகாது. காலணி இல்லாமல் நிலவில் எங்கேயும் போக முடியாது. ஆகவே அங்கே மனிதர் யாரும் கால் வைத்ததில்லை. டைட்டானிய உருக்காலைக்கு அடிக்கல் நாட்டும்போதுகூட ஆணையரும் மற்றவர்களும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கைதட்டுவார்கள். கல்லை நாட்டுவது விழா எந்திரங்கள்.

"எனக்க வேலையே போகப்போவுது. பின்ன என்ன ஆசாரம்?" என்று டெல்மா உடுப்பை மாட்டினாள்.

மூலையில் செம்பியனின் அடிக்கல் பலகை பளபளவென்று நின்றது. அதைத் தாண்டி ஓர் அடி வைத்ததுதான் தாமதம், குதிகால் கூசிய கூச்சத்தில் டெல்மா துள்ளிவிட்டாள். நிலவின் ஈர்ப்பில் அந்தத் துள்ளல் ஆளுயரம் போய் வந்தது.

துருவன் மேலே நிற்கும் பலகையைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மூன்று முறை அளந்தது.

"நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு டைட்டானியம், மேடம். இல்மனைட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இங்கே இரும்பும் இல்லை. கருவிப் பிழை என்று குறித்துக்கொள்ளவா?"

"பிழையா? இது தனி உலோகம்! எந்தக் கோள்லயும் ஒருத்தருக்கும் ஆப்பிடாதது, கேட்டியா? எனக்க குதிகாலு பொய் சொல்லாது!" பெருமை பொங்கி, தலைக்கவசத்துக்குள்ளேயே அவளுக்குக் கண் கலங்கியது.

செய்தி கேட்டு ஊரே கண்ணாடிக்குப் பின்னால் கூடிவிட்டது. ஆணையர் மாலையோடு வந்தார். காலணி விஷயத்தை யாரும் கிளப்பவில்லை.

தோண்டும் எந்திரம் முதல் வாளியைத் தூக்கியது. அதில் ஒரு தகடு இருந்தது. துருவன் தூசியைத் துடைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வானொலியில் வாசித்தது: "நிலாப்பாக்கம் டைட்டானிய உருக்காலை. அடிக்கல் நாட்டியவர், நாற்பதாவது ஆணையர்."

அடுத்த வாளியில் முப்பத்தொன்பதாவது ஆணையர் வந்தார். அதற்கடுத்ததில் முப்பத்தெட்டாவது.

முப்பத்தெட்டு ஆண்டுகளில் நிலாப்பாக்கம் செம்பியனோடு சேர்த்து நாற்பத்தோரு ஆணையர்களைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொருவரும் வந்த கையோடு அதே உருக்காலைக்கு அதே மூலையில் அடிக்கல் நாட்டினார்கள். பளிங்கு நிலவின் வெயிலுக்கும் குளிருக்கும் வெடித்துவிடும் என்பதால், பூமியிலிருந்து ஆளுக்கு இருநூறு கிலோ டைட்டானியத்தில் பலகை வந்தது. பதவி போனவர் தம் பலகையை நினைவுப் பரிசாகக் கொண்டுபோய்விடுவார் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. கப்பலோ அந்த எடையை ஏற்றவில்லை. விழா எந்திரங்கள் பழையதைக் குழிக்குள் தள்ளி மூடிவிட்டு, அதன்மேல் புதியதை நாட்டி வந்தன.

நாற்பது பலகைகளும் வெளியே வந்தன. பிறகு டெல்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஊரும் சேர்ந்து சிரித்தது. எட்டு டன் சுத்த உலோகம். எல்லாக் கதவுகளுக்கும் போதும்.

செம்பியன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வானொலியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இத நாம படிவுன்னே அறிவிச்சிடலாங்க. கண்டுபிடிச்சது நீங்க, பதவிக்காலம் என்னோடது. உங்க பிரிவ மூட மாட்டேன். இந்தச் சாதனைக்கு இதே மூலையில ஒரு பலகை வைக்கிறோம். பூமிக்குச் சொல்லிட்டேன். அடுத்த கப்பல்ல வந்துடும்."

டெல்மாவுக்கு மறுபடி சிரிப்பு வரப் பார்த்தது. வாயைத் திறந்தாள்.

"உங்க பேரும் இருக்குங்க," என்றார் ஆணையர்.

டெல்மா வாயை மூடிக்கொண்டாள். ஊருக்குத் திரும்புகிற பயம் போய்விட்டது. பதினோரு ஆண்டுகளாகக் கூசாத குதிகால் கூசியிருக்கிறது. அது பொய் சொல்லவில்லை என்பதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

"எனக்க பேரு எந்த அளவில வரும், சார்?"

"என் பேருக்குக் கீழ, கொஞ்சம் சின்ன எழுத்துல."

"அவ்வளவு சின்னதா போட்டா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்தா போடச் சொல்லுங்க. இடம் பத்தாட்டா பலகைய ஓரடி கூட்டச் சொல்லுங்க."

ஆணையர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

பக்கத்தில் நின்ற துருவன் ஆய்வறிக்கையைத் திறந்தது. 'படிவு தீர்ந்தது' என்று சற்றுமுன் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, 'படிவு வளர்ந்து வருகிறது' என்று திருத்தி எழுதியது.