டீ கீழேதான்

ஏஞ்சலுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது, கண்ணுகளா. வராமல் என்ன செய்யும்?

அவள் தம்பி ஜோஷ்வா சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருகிறவன். பென்சிலைப் பிடித்தால் அவன் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அவற்றைப் பழக்கிவிடப் புதன்கிழமைதோறும் சிறப்பாசிரியர் மாரீஸ்வரி வருவார். வந்து என்ன? பயிற்சி அறை மாடியில்!

“கீழ ஒரு ரூம் குடுங்க சார்” என்று கேட்டார் மாரீஸ்வரி டீச்சர்.

“கீழ ஏது ரூம்? ஒண்ணு என் ரூம், பாக்கியெல்லாம் வகுப்பு. பயலத் தூக்கிட்டுப் போயிருங்க” என்றார் தலைமையாசிரியர் ஈஸ்வரபாண்டி.

தூக்கியும் பார்த்தார்கள். பாதிப் படியில் ஒருவருக்குக் கை வழுக்கியது. ஜோஷ்வா அலறிவிட்டான்.

“நான் என்ன வாழைத்தாரா? இனிமே யாரும் தூக்க வேணாம்!”

அதன்பிறகு பயிற்சி வராந்தாவில் நடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜோஷ்வா கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டான். டீச்சர் எவ்வளவு கெஞ்சியும் வெளியே எடுக்கவில்லை.

அம்மா ஜெபஷீலா சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை வைத்திருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர்.

“சட்டமே இருக்காம்ல? அவன் போக முடியுற எடத்துல சொல்லிக்குடுக்கணும்னு டீச்சர் சொன்னாக. நீ கூட்டத்துல கேட்டியாம்மா?” என்றாள் ஏஞ்சல்.

“கேட்டேன். அடுத்த கூட்டத்துல பாப்போம்னாக.”

“அதுக்கு முந்துன கூட்டத்துல?”

“அதையேதான் சொன்னாக.”

ஏஞ்சல் தலையில் அடித்துக்கொண்டாள். “கூட்டம் எங்கன நடக்குது?”

“மாடியிலதான்.”

“மாடி ஏற முடியாதவனப் பத்தி மாடியில உக்காந்து பேசினா எப்படிம்மா வெளங்கும்?”

அடுத்த கூட்டத்துக்கும் அம்மா கடையிலிருந்துதான் டீயும் வடையும் போயின. ஏஞ்சல் அவற்றை வராந்தாவில், படிக்கட்டின் அடியில், ஜோஷ்வாவின் பக்கத்தில் இறக்கி வைத்தாள். நகரவில்லை.

“ஏலே, டீ எங்க?” மாடியிலிருந்து தலைமையாசிரியரின் குரல்.

“கீழதான் சார்!”

“மேல கொண்டா!”

“வேணாம் சார், கை வழுக்கிரும்!”

சூடான உளுந்து வடை. வாசனை மாடியேறிப் போனது. முதலில் குழுத் தலைவி சங்கிலியம்மாள் முழங்காலைப் பிடித்தபடி இறங்கினார். பின்னாலேயே அம்மாவும் மற்ற எல்லாரும் வந்தார்கள். கடைசியாகத் தலைமையாசிரியர்.

ஜோஷ்வா மடியிலிருந்து கையை எடுத்து ஒரு வடையை நீட்டினான். விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. வடை தவறி விழுந்தது.

“இந்தக் கைக்குப் பழக்கம் குடுக்கத்தான டீச்சர் வாராக? எங்கனய்யா வச்சு?” என்று கேட்டார் சங்கிலியம்மாள்.

“இங்கனதான். எல்லாரும் பாக்கப் பாக்க” என்றான் ஜோஷ்வா.

“இவனாலதான் மாடி ஏற முடியாது. சாரால முடியும்ல?” என்றாள் ஏஞ்சல்.

“நானா?” ஈஸ்வரபாண்டி கையில் வடையோடு விழித்தார்.

“சட்டமும் இருக்கு” என்றாள் அம்மா.

“அப்புறமென்ன? சார் ரூம் மாடிக்கு, பயிற்சி ரூம் கீழ. இந்தக் கூட்டத்துலயே எழுதுங்க! இனிமே கூட்டமும் கீழதான், என் முழங்காலுக்கும் நல்லது” என்றார் சங்கிலியம்மாள்.

அடுத்த புதன்கிழமை கீழறையின் கதவைச் சாத்திக்கொண்டு மாரீஸ்வரி டீச்சர் களிமண்ணை உருட்டினார். ஜோஷ்வாவின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

ஜன்னலுக்கு வெளியே, பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார் தலைமையாசிரியர்.

ஜோஷ்வா எட்டிப் பார்த்து அக்கறையாகக் கேட்டான்:

“சார், உங்களத் தூக்கிட்டுப் போக ரெண்டு பேர வரச் சொல்லவா?”