நாகலூர் எஸ்டேட்டில் படர்தாமரை

வாசலிலேயே நின்றுகொண்டு கண்ணாயி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"ஏனுங்க டாக்டரய்யா, இந்தக் கையில எதுனா சீக்கு தெரியுதுங்களா?"

ஒண்டிக்கடையில் டாக்டர் செல்லப்பன் நடத்திய சிறிய ஆஸ்பத்திரிக்கு, நாகலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மகள் ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் நடந்தே வந்திருந்தாள். துரையின் சின்னப் பெண்ணைக் குளிப்பாட்டித் தலைசீவிவிடும் ஆயா அவள். அந்தக் குழந்தைக்குக் கன்னத்திலும் முன்கையின் உட்புறத்திலும் படர்தாமரை. காப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கும் பெண்கள் சிலருக்கும் பிடரியில் வட்டம் வட்டமாக வந்திருந்தது. எல்லாம் ஆயா ஒட்டவைத்தது என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரன் துரையிடம் சொல்லிவிட்டார். கிணற்றடியில் எல்லோரும் பார்க்க அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். மகளோடு போய் ஒண்ட அவளுக்கு வேறு இடம் கிடையாது.

டாக்டர் அவள் விரலிடுக்குகளைப் பார்த்தார். சிறுமியின் தலைமுடியை விலக்கிப் பார்த்தார். இருவரும் ஒரே பாயில்தான் படுக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இருவர் உடம்பிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை.

கம்பவுண்டர் வேடியப்பனுக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. டாக்டரோடு கிளம்பி எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டான், பிறகு நாவிதனை, பிறகு பங்களா சோப்பை. ஒவ்வொன்றுக்கும் டாக்டர் "இருக்கலாம்" என்றார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க வேடியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேகத்துக்குப் பின்னால் சூரியன் எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்தான்.

ஸ்டோரில் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. தூறல் விழுந்தால் ஆளுக்கொரு சாக்கை உருவி, ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகி, கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு போவார்கள். திரும்பியதும் குவியலிலேயே எறிவார்கள். இன்றும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. குவியலின் உச்சியில் துரைப்பெண்ணின் பூனை சுருண்டு படுத்திருந்தது. வெண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பான ரோமம். எலி பிடிக்க வந்து, வேலை முடிந்ததும் அங்கேயே தூங்கிவிடும் என்றார்கள்.

காப்பி உலர்த்தும் அடுப்பறைக்குப் பக்கத்து மேசையில் ரைட்டர் இருந்தார். அனலில் நெற்றி வேர்த்துக் கொட்டியது. கழுத்தில் மட்டும் மஃப்ளர் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கண்ணாயி அவர் வீட்டுக்கு வந்துபோவதுண்டா என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டார்.

"அவளுங்களா? என் ஊட்டு வாசலைக்கூட மிதிச்சதில்லீங்க. அவ தொட்ட செம்பைக்கூட நான் தொடமாட்டனுங்க."

டாக்டர் தலையாட்டிவிட்டு ஸ்டோருக்குத் திரும்பினார். பையிலிருந்து ஒரு புதுப் பல் பிரஷை எடுத்துப் பூனையைப் பொறுமையாகச் சீவத் தொடங்கினார். வேடியப்பனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது, இவர் பூனைக்குச் சிங்காரம் பண்ணுகிறார்.

பொழுது இறங்கும் நேரத்தில் பங்களா வராந்தாவில் எல்லோரையும் கூட்டினார்கள். துரையும் ரைட்டரும் ஒரு பக்கம். ஸ்டோர்ப் பெண்கள் ஒரு பக்கம். கண்ணாயி படிக்குக் கீழே மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவசரமில்லாமல் ஆரம்பித்தார். ஆயாவிடமிருந்து ஒட்டியதென்றால் முதலில் அவள் கையில் இருக்க வேண்டும், கூடப் படுக்கும் மகளுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. குழந்தைக்கு வந்தது கன்னத்தில், முன்கையின் உட்புறத்தில். "எதையாச்சும் தூக்கி அணைச்சுக் கொஞ்சினா எங்க படுமோ, அங்கயேதான் வந்திருக்குதுங்க. பொம்பளைங்களுக்கு வந்தது பிடரியில. கொங்காடை ஒரசற எடம். அந்தச் சாக்கு மேலதான் பூனை படுக்குதுங்க."

அந்தப் பூனைக்குச் சொறி இல்லை, முடிகூடக் கொட்டவில்லையே என்று துரை சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பை டாக்டர் காட்டினார். பிரஷில் வந்த ரோமம் அதில் இருந்தது. துரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"முடி மேல ஒட்டியிருக்கற பொடியெல்லாம் பூசணத்தோட விதைங்க. சில பூனைங்களுக்கு அதால அரிப்புகூட வராது. நல்லாத்தான் இருக்கும். தொட்டவங்களுக்கும் அது படுத்ததுல பொரண்டவங்களுக்கும்தான் வரும்."

"அப்ப ஆயாகிட்ட இருந்து வரவே வராதுங்களா?" என்று ரைட்டர் இடைமறித்தார்.

"அதுக்குச் சாட்சி நீங்கதான். அந்த மஃப்ளரைக் கொஞ்சம் அவுருங்க."

ரைட்டர் அசையவில்லை. துரை ஒரு வார்த்தை சொன்ன பிறகு அவிழ்த்தார். பிடரியில் சிவந்த வட்டம், பெண்களுக்கு இருந்த அதே இடத்தில்.

"கண்ணாயி தொட்ட செம்பைக்கூடத் தொட மாட்டேன்னீங்க. அப்ப இது அவ குடுத்ததில்லை. நீங்களும் மழைக்கு அந்தச் சாக்கைத்தான் போடறீங்க."

சாக்குகளை உடனே கொதிக்க வைக்க ஆள் போனது. பூனையைக் கொல்ல வேண்டாம், தனியாக வைத்துக் கந்தக மருந்தில் குளிப்பாட்டினால் போதும் என்றார் டாக்டர். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், நாளை முதல் கண்ணாயி வேலைக்கு வரலாம் என்று துரை சொன்னார். வேடியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கண்ணாயி நகரவில்லை.

"தொரை சொன்னாப் பத்தாதுங்க. கெணத்தடியில என்னைத் தள்ளி நிக்கச் சொன்னது ரைட்டருங்க. அங்கயே வந்து எனக்குச் சீக்கு இல்லைன்னு அவரே சொல்லோணுங்க."

துரை ரைட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் மஃப்ளரை மறுபடி சுற்றப் போனார்.

"சுத்தாதீங்க," என்றார் டாக்டர். "காத்துப் பட்டாத்தான் ஆறும்."

வெளியே மழை வலுத்திருந்தது. சாக்கெல்லாம் அண்டாவில் வெந்துகொண்டிருந்ததால் யார் தலையிலும் கொங்காடை இல்லை. ரைட்டர் திறந்த கழுத்தோடு முன்னால் நடந்தார். கண்ணாயியும் ராசாத்தியும் அவருக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனார்கள்.